முப்பத்தாறுக்கு அளவெடுத்த டிரைவர்

டிப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பத்தொன்பது வருஷமாக ஒரே தடத்தில் முப்பத்தாறாம் நம்பர் பஸ்ஸை ஓட்டியதில் 'முப்பத்தாறு' என்பதே பெயராகிவிட்டது. வயது ஐம்பத்திரண்டு. உயரம் நாலடி பத்து அங்குலம். வேலைக்குச் சேர வந்த அன்று அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிரேக்குக்கு கால் எட்டினா ரோடு தெரியுமா, ரோடு தெரிஞ்சா பிரேக்குக்கு கால் எட்டுமா?" என்று கேட்டார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சாவியை வாங்கி, பஸ்ஸை ரிவர்ஸிலேயே கொண்டுபோய், நின்றிருந்த இரண்டு பஸ்களுக்கு நடுவில் செருகிவிட்டு இறங்கினாள். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம்தான் மிச்சம். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் அந்த வேலையில் எதுவும் அவள் அளவுக்கு இருந்ததில்லை. சீட்டை முழுக்க முன்னால் இழுத்தாலும் முதுகுக்கு ஒரு தலையணை வேண்டும். யூனிஃபார்ம் சட்டையின் தோள்பட்டை முழங்கை வரை தொங்கும். கேட்டால் ஸ்டோர்காரர், "இருக்கறதுலேயே சின்னது இதுதான், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பார். அவளும் பண்ணிக்கொண்டாள். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வண்டிகளைப் பன்னிரண்டு வருஷம் திருப்பித் திருப்பி, அவள் தோளும் முன்கையும் மட்டும் இரும்பாகிப்போயின.

கோல்ஃப் அவள் தேடிப்போனது இல்லை. முப்பத்தாறு கடைசியாக நிற்கும் ஸ்டாப்புக்குப் பின்னால், உயரமான வலை கட்டிய ஒரு மைதானம். வாசலில் 'டிரைவிங் ரேஞ்ச்' என்று போர்டு. ரொம்ப நாள் அவள் அதை டிரைவிங் ஸ்கூல் என்றே நினைத்திருந்தாள். ஒருநாள், அடுத்த டிரிப்புக்கு இருபத்தைந்து நிமிஷம் இருந்தபோது, உள்ளே எட்டிப்பார்த்தாள். காரையும் காணோம், கிளட்ச்சையும் காணோம். வரிசையாக நின்று ஆட்கள் பந்தை வெளுத்துக்கொண்டிருந்தார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண், "அடிச்சுப் பார்க்கறீங்களாக்கா?" என்று ஒரு மட்டையை நீட்டினாள். பதினோரு தடவை காற்றைத்தான் அடித்தாள். பன்னிரண்டாவது பட்டது. எங்கேயோ மேலே போய், வெயிலில் ஒரு கணம் காணாமல் போய், பிறகு விழுந்தது. அவ்வளவுதான், ஆளைப் பிடித்துக்கொண்டது.

மூன்று வருஷம் ஒவ்வொரு வார லீவு நாளும் அங்கே போனாள். வாடகை மட்டைதான். அதிலும் டிரைவர், அதாவது முதல் அடிக்கு எடுக்கிற பெரிய தலை மட்டை, அவள் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும். நாலு விரல் கீழே இறக்கிப் பிடிப்பாள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனை வயிற்றில் இடித்து இடித்துக் கன்றிப்போகும். பந்து எப்போதும் வலது பக்கம் வளைந்து வலைக்குள் விழும்.

பக்கத்து மேடையில் மருந்துக்கடை முதலாளி ஒருவர் அடிப்பார். நல்ல உயரம், பளபளவென்று ஷூ. ஒருநாள் அவள் அடித்த பந்து வலையில் மாட்டியதைப் பார்த்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்கம்மா. உயரம் இல்லாதவங்களுக்கு இது ஒத்து வராது. பசங்க விளையாடற செட் ஒண்ணு கடையில கிடைக்கும், அதை வாங்கிக்கோங்க. கைக்கு அடக்கமா இருக்கும்" என்றார்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று மாலையே வீட்டில் அறிவித்தாள்: "நான் எனக்குன்னு அளவெடுத்து ஒரு டிரைவர் வாங்கப்போறேன்."

வீட்டுக்காரர் பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். பேப்பரிலிருந்து நிமிர்ந்தார். "டிரைவருக்கே டிரைவரா?"

"ஆமா."

"அளவெடுக்க அது என்ன ஜாக்கெட்டா?"

"அதுக்கும் மேல."

நாத்தனார் அப்போது வந்திருந்தாள். "பேரன் பேத்தி எடுக்கற வயசுல மட்டையைத் தூக்கிட்டுத் திரியணுமா அண்ணி? பார்க்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

"பார்க்கறவங்க கொஞ்சம் தள்ளி நிக்கட்டும். பந்து மேல பட்டா நான் பொறுப்பில்ல" என்றாள் முப்பத்தாறு.

கடை ஊரின் பெரிய தெருவில், கண்ணாடிக் கதவோடு இருந்தது. யூனிஃபார்மிலேயே போனாள். சேல்ஸ்மேன் ஓடிவந்தார். "வாங்க மேடம். சாருக்கு கிஃப்டா?"

"இல்ல, எனக்கு."

"ஓ!" என்றவர் அவளை மூலையில் இருந்த அலமாரிக்குக் கூட்டிப்போனார். எல்லாம் இளஞ்சிவப்பு. "லேடீஸ் மாடல். ரொம்ப லேசு. எல்லா லேடீஸும் இதைத்தான் எடுப்பாங்க."

"இது யாரை அளந்து செஞ்சது?"

"அது… பொதுவா லேடீஸுக்கு."

"பொதுவா லேடீஸ்னு ஒருத்திய நான் இன்னும் பார்த்ததில்ல. என்னை அளந்து பாருங்க."

"ஃபிட்டிங் எல்லாம் ரெகுலரா ஆடறவங்களுக்கு மேடம். உங்க ஹேண்டிகேப் எவ்வளவு?"

ஆட்டக்காரரின் தரத்தைச் சொல்லும் எண் அது. அவளிடம் அப்படி ஒன்று கிடையாது. "பத்தொன்பது வருஷத்துல ஒரு ஆக்ஸிடென்ட்கூட இல்ல. அது கணக்குல வருமா?" என்றாள்.

அளவெடுக்கிற ஃபிட்டர் பிஸி, இன்னொரு நாள் வாங்க என்றார் சேல்ஸ்மேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரயில்வே கேட்டில் உட்கார்ந்து பழகினவள். ஒரு மணி நேரம் கழித்து உள்ளறைக் கதவு திறந்தது.

ஃபிட்டர் கனத்த கண்ணாடி போட்ட மனுஷன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார். உயரம் அளந்தார். கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரை வரை டேப் வைத்தார். உள்ளங்கையை விரிக்கச் சொல்லி விரல் நீளம் குறித்தார். மட்டையின் முகத்தில் வெள்ளைப் பவுடரை அடித்து, "அடிங்க" என்றார்.

அறையின் கோடியில் ஒரு திரை, கீழே வேகத்தைப் பிடிக்கும் ஒரு பெட்டி. முதலில் அந்த லேடீஸ் மாடல். மட்டையின் தண்டு தூண்டில் குச்சி மாதிரி வளைந்தது. ஒரு பந்து இடப்பக்கம், ஒரு பந்து வலப்பக்கம். ஃபிட்டர் பெட்டியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"பஸ் ஓட்டறேன்."

"அதான். மட்டை வீசற வேகம் மணிக்கு எண்பத்தாறு மைல்."

"கிலோமீட்டர்ல சொல்லுங்க."

"நூத்தி முப்பத்தெட்டு."

"அம்மாடி! பஸ்ல அறுபதைத் தாண்டினா எனக்கு மெமோ வரும்" என்றாள். ஃபிட்டர் முதல் தடவையாகச் சிரித்தார். லேடீஸ் மட்டையைத் தூக்கி ஓரமாக வைத்தார். "இது உங்க கைக்கு நூடுல்ஸ். ஆம்பளைங்களுக்குப் போடற தண்டுதான் சரி. ஆனா ரெண்டு அங்குலம் வெட்டணும். இத்தனை நாளா மட்டையோட ஓரத்துலேயே அடிச்சிருக்கீங்க, பவுடர்ல பாருங்க. குத்தம் உங்க மேல இல்ல. நீளத்து மேல."

அவள் குனிந்து அந்தப் பவுடர் தடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். குற்றம் உங்கள் மேல் இல்லை என்று யாரும் அவளிடம் இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் முட்டிக்கொண்டது. மருந்துக்கடைக்காரருடைய மட்டை முகத்தின் சாய்வு ஒன்பது டிகிரி; சாய்வு கூடக் கூடப் பந்து சுலபமாக மேலே எழும்பும். தனக்கும் அதுவே வேண்டும் என்றாள். ஃபிட்டர் பன்னிரண்டு என்றார்.

"குட்டைன்னு பார்த்து சொல்றீங்களா?"

"நான் சொல்லல. பந்து சொல்லுது. ரெண்டையும் அடிச்சுப் பாருங்க."

அடித்தாள். ஒன்பதில் நூற்று அறுபத்தெட்டு கெஜம். பன்னிரண்டில் நூற்று எண்பத்தொன்பது. இன்னும் ஐந்து முறை அடித்தும் அதே கதைதான். "சரி, பன்னிரண்டு" என்றாள். அளந்து சொன்னதற்கு அவள் எப்போதும் கட்டுப்பட்டவள்.

பத்து நாள் கழித்து மட்டை தயாரென்று போன் வந்தது. ஃபிட்டர் உள்ளே இருந்தார். சேல்ஸ்மேன் உறையோடு எடுத்துக் கொடுத்தார். கையில் வாங்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்திப் பார்த்தாள். நெஞ்சு உயரம். பையிலிருந்து டேப்பை எடுத்து அங்கேயே அளந்தாள்.

"இது வெட்டவே இல்லையே."

"கம்பெனி ஸ்டாண்டர்ட் நீளம் மேடம். ஒர்க்‌ஷாப்ல கவனிக்காம விட்டிருப்பாங்க. ரெண்டு அங்குலம்தானே, கொஞ்சம் இறக்கிப் பிடிச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

கடையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை. கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்கிற மாதிரி தெளிவாகச் சொன்னாள்: "தம்பி, சீட்டுக்கு அட்ஜஸ்ட் பண்ணேன். சட்டைக்குப் பண்ணேன். கல்யாண வீட்டு க்ரூப் போட்டோல ஸ்டூல் போட்டு நின்னு பண்ணேன். அங்கல்லாம் எனக்கு வேற வழி இல்ல. இங்க நான் காசு கொடுத்து, அளவு கொடுத்து, ஒரு மணி நேரம் காத்திருந்து வாங்கியிருக்கேன். இனிமே நான் வளைய மாட்டேன். மட்டையை வெட்டுங்க."

"விட்டுட்டுப் போங்க மேடம், அடுத்த வாரம்…"

"இப்போ. என் கண்ணு முன்னாடி."

பேச்சு கேட்டு ஃபிட்டர் வெளியே வந்தார். டேப்பைப் பார்த்தார், மட்டையைப் பார்த்தார். "என் தப்பு. அளவுச் சீட்டுல எழுதினேன், கடைசியில சரிபார்க்கல" என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கைப்பிடி உறையைக் கிழித்தார், தண்டைப் பிடிகருவியில் மாட்டி ரம்பத்தால் அறுத்தார். நீளம் குறைந்ததற்கு ஈடாகத் தலையில் எடை சேர்த்தார். புது கைப்பிடி போட்டார். அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். நாற்பது நிமிஷம். அறுபட்ட துண்டு தரையில் உருண்டபோது சேல்ஸ்மேன் குனிந்து எடுத்துக் குப்பையில் போட்டார்.

ரேஞ்சில் முதல் அடி படுமோசம். பந்து ஏழடி உருண்டு நின்றது. பக்கத்து மேடையில் மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது பந்து கொஞ்சம் எழும்பியது. நான்காவது, எங்கேயும் வளையாமல், நேராக, நூற்றைம்பது போட்ட பலகையைத் தாண்டி விழுந்தது. வயிற்றில் எதுவும் இடிக்கவில்லை.

"எந்தக் கடையில வாங்கினீங்க?" என்றார் அவர், கொஞ்சம் பொறுத்து.

"சொல்றேன். போனா, நீங்க கேட்கறதைக் கொடுக்கச் சொல்லாதீங்க. அளக்கச் சொல்லுங்க" என்றாள்.

அடுத்த மாதம் பொது மைதானம் ஒன்றில் ஒன்பது குழி ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தாள். சீட்டு எழுதியவர், "லேடீஸ் முன்னாடி சிவப்புக் குறியிலேர்ந்து அடிக்கலாம்மா, தூரம் குறையும்" என்றார். தூரம் குறைய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றாள். முதல் அடி அபாரம். அடுத்ததெல்லாம் மணலும் தண்ணீரும் புதரும். மூன்று பந்து தொலைந்தது. மொத்தம் அறுபத்து மூன்று அடி. ஆடிய பதினான்கு பேரில் பதினான்காவது இடம்.

வெயிலில் கறுத்து வீட்டுக்குள் நுழைந்தவளைப் பார்த்து வீட்டுக்காரர், "ஜெயிச்சியா?" என்றார்.

"கடைசி."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி ஜொலிக்குது?"

அவள் ஷூவை உதறினாள். அரைக் கிலோ மணல் கொட்டியது. "அடுத்த மாசத்துக்கும் பேரு கொடுத்துட்டு வந்திருக்கேன். நீங்க வந்து தொலைஞ்ச பந்தைத் தேடுங்க."