உப்பில்லாத குளம்

எனக்கு ஒரு இடத்தில் நிற்க வராது. தட்டாஞ்சாவடிப் பட்டறையில் மேஸ்திரி, 'இவன் கால்ல சக்கரம் கட்டிக்கினு பொறந்தவன்' என்பார். எண்பதில் வந்த மகாமகத்துக்கு அம்மாவைக் கும்பகோணம் அழைத்துப் போனபோது, பஸ் நின்ற இடமெல்லாம் இறங்கி ஏறினேன். அம்மா ஜன்னலோரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பயமாக இருந்ததே அதுதான்.

எங்கள் வீடு குருசுக்குப்பத்தில். அண்ணன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. அவனுக்குக் காரியம் செய்ய அம்மா விடவில்லை. கடலில் கால் நனைப்பதையும் விட்டுவிட்டாள். மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரச் சாமியெல்லாம் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வரும். எள் போட்டால் எள் விழாத கூட்டம். அம்மா மட்டும் கதவைச் சாத்திக்கொள்வாள். அவளிடம்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள், மகாமகத்தன்று எல்லாத் தண்ணியும் அந்தக் குளத்துக்கு வந்துவிடும் என்று.

"எல்லாத் தண்ணியும்னா கடலுந்தானே?"

"கங்கை, காவேரி மாதிரி ஆறுங்கம்மா. கடல எவன் சொன்னான்?"

"எல்லாம்னா எல்லாந்தான். நீ வர்றியா, நானே போவட்டுமா?"

பிள்ளையைத் தேடிக் குளத்தில் இறங்கப் போகிறாள், இறங்கினால் ஏறுவாளா? அந்தப் பயத்தில்தான் கூடவே போனேன்.

குளத்தில் தண்ணீர் இடுப்புக்குக்கூட இல்லை. பின்னாலிருந்து நெருக்கித் தள்ளினார்கள். அம்மாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் முழுகும்மா" என்று கத்தினேன். அவள் முழுகவில்லை. முதுகைக் காட்டி, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. எங்கள் பக்கம் யாரும் தானாக முழுகுவதில்லை. முதுகைக் காட்டி நின்றால் அலை வந்து தலைக்கு மேல் ஏறிப் போகும். அம்மா அலைக்குக் காத்திருந்தாள். "என்னாம்மா, நின்னுக்கிட்டே தூங்குறியா?" என்றார் பக்கத்தில் நின்ற கிழவர். அவரைத் தண்ணீரில் அமுக்கலாமா என்றிருந்தது எனக்கு.

அலை வரவில்லை. அம்மா ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாள். மறுபடியும் அள்ளினாள்.

"உப்பே இல்லடா."

"கொளத்துல எப்பிடிம்மா உப்பு இருக்கும்? வா, போவலாம்."

"அப்ப இதுல அவன் இல்ல." அவள் முகம் தெளிந்துவிட்டது. "கடல்ல எறங்குனா அவன் மேல கால வைக்கிற மாதிரி இருக்குடா. இது வெறுந்தண்ணி."

என் கையை உதறிவிட்டு, மூக்கைப் பிடித்து முழுகினாள். எழுந்தாள், திரும்பவும் முழுகினாள். நான் பதறி இழுத்தபோது, "உடுடா" என்று அதட்டிவிட்டு இன்னொரு முழுக்குப் போட்டாள்.

படியேறித் தலைமுடியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"அவன் கடலோட போயிட்டான்டா. ஊருக்குப் போனதும் அவனுக்குக் காரியம் பண்ணிடலாம்."

அவள் அழவில்லை. நான் துண்டைப் பிழிந்து அவள் தலையைத் துவட்டினேன்.