ஃபைனலன்று பாறசாலையில்

பொழியூர் பக்கம் ஒரு கால்பந்து அணி வருசாவருசம் ஃபைனலில் தோற்கும். கோலடிக்கத் துப்பில்லாதவர்கள் அதை ஒரு மீன்காரியின் சாபம் என்றார்கள். எப்போதோ அவர்கள் அடித்த பந்து பட்டு அவர் மீனெல்லாம் மண்ணில் கொட்டியதாம். அதிலிருந்து ஃபைனலன்று அவரை ஊரைவிட்டே அனுப்பிவிடுவார்கள்.

பாறசாலை பஸ் ஸ்டாண்டில் அவரைச் சந்தித்தேன். கறுத்து மெலிந்தவர். காலி மீன்சட்டியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பஸ்சுல ஏத்திவிட்டது ஆரு?"

"எனக்க மொவனாக்கும். அவந்தான் கோல்கீப்பர்."

"நெசமாவே சபிச்சீங்களா?"

"வயிறெரிஞ்சு நாலு ஏச்சு ஏசினேன். அது சாபமா?"

செல்போனைப் பார்த்து, இந்த முறையும் தோற்றுவிட்டார்கள் என்றேன்.

துடைத்த கை நின்றது.

"பாறசாலை ரொம்பப் பக்கத்துலயாப் போச்சு, அதான் தோத்தோம்ணு சொல்லுவான், மக்கா. அடுத்த வருசம் நாகர்கோவிலுக்கு டிக்கெட் எடுப்பான்."