துரைக்கு ஆறு, சந்தனம் அண்ணனுக்கு நாலு

மார்க்கர் சந்தனம் அண்ணன் செத்துப்போனார். இன்று காலை, றொசல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், மகளுடைய லயத்து வீட்டில்... நெஞ்சு வலியாம்.

அழுகை வரவில்லை. அருவருப்புத்தான் வருகிறது. காரணம், நாங்கள் இருவரும் வேலை பார்த்த கிளப்பின் ஃபேஸ்புக் பக்கம்.

அண்ணன் போட்டோவைப் போட்டு, "மலையக டென்னிஸ் வளர்ச்சியின் தூண், எங்கள் விசுவாசமான ஊழியர்" என்று எழுதியிருக்கிறார்கள். விசுவாசமாம்... த்தூ! நாய் செத்தால் எழுதுகிற வார்த்தை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்ட மேனேஜர்களான துரைமாரின் கிளப்பில் டென்னிஸ் கோர்ட்டைப் பார்த்துக்கொண்டு, ஜோடி கிடைக்காத மெம்பருக்கு எதிரே நின்று ஆடுகிறவர்தான் மார்க்கர். காலையில் ரோலர் இழுப்பார், சுண்ணாம்புக் கோடு போடுவார், பின்னேரம் துரையிடம் தோற்பார்.

ஆமாம், தோற்பதும் வேலையில் சேர்த்தி. எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். நான் அங்கே கிளாக்கராகச் சேர்ந்த புதிதில் அண்ணனே விளக்கினார்.

"ஆறு–ரெண்டுல விட்டா துரைக்குச் சந்தேகம் வந்துரும் தம்பி. ஆறு–நாலுன்னா வேர்த்து விறுவிறுத்து ஜெயிச்ச மாதிரி இருக்கும். சந்தோசமா பங்களாவுக்குப் போவாங்க."

சொல்லிவிட்டுச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. நுவரெலியா சீசன் டோர்னமென்டில் ஒரே ஒரு தடவை தன் பெயரைக் கொடுத்து ஆட வேண்டும். சம்பளத்துக்கு ஆடுகிறவன் மெம்பர்களோடு போட்டியில் ஆட முடியாது என்று ஒவ்வொரு வருஷமும் ஃபார்மைத் திருப்பி அனுப்புவார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் வந்து நிற்பார்... "இன்னொரு வாட்டி எழுதிப் பாருங்களேன் தம்பி."

அவர் நிஜமாக ஆடி நான் பார்த்தது ஒரே நாள்தான். மெம்பர் யாரும் வராத ஒரு திங்கட்கிழமை. கிளப்பில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஆட ஆள் கேட்டார். அவர் மெம்பரும் இல்லை, நம் துரையும் இல்லை, அவரிடம் தோற்க வேண்டியதில்லை. அண்ணன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினார்.

ஆறு–பூஜ்யம், ஆறு–பூஜ்யம். அடேயப்பா... அது வேறு மனுஷன்! வெள்ளைக்காரர் வலையைச் சுற்றி ஓடி வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அண்ணனுக்குத்தான் பயம் வந்துவிட்டது. "யார்ட்டயும் சொல்லிறாதீங்க தம்பி."

நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வெள்ளைக்காரர் கொழும்பில் யாரிடமோ சொல்லியிருக்கிறார். இரண்டு மாதத்தில் கிளப்புக்கு ஒரு கடிதம் வந்தது. நாட்டு டீமோடு ஆடிப் பழக்க ஆள் தேடுகிறோம், உங்கள் மார்க்கர் ஆடுவதைப் பார்க்க ஒருவர் வருவார், சரிவந்தால் கொழும்பிலேயே வேலை, போட்டிகளிலும் ஆடலாம்...

கடிதத்தைப் பிரித்தது நான்.

செக்ரட்டரி துரை படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "மார்க்கர்கிட்ட ஒண்ணும் சொல்லாதே. அவன் போயிட்டா கோர்ட்ட யாரு பாக்குறது?"

அண்ணனிடம் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம், வேலை போய்விடுமோ என்ற பயம். ச்சீ... என்ன காரணம் சொன்னாலும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

கொழும்புக்காரர் வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே ஆட இறங்கியது செக்ரட்டரி துரையேதான். எவ்வளவு கேவலமான மூளை பாருங்கள்.

அண்ணன் என்ன செய்வார்? எல்லா நாளும் செய்ததைத்தான் அன்றைக்கும் செய்தார். வந்திருக்கிற விருந்தாளி முன்னால் துரை தலைகுனியக் கூடாதே என்று, வழக்கத்தை விடப் பதமாகப் பந்தைப் போட்டுக் கொடுத்தார்.

ஆறு–நாலு. முடிந்ததும் துரைக்குத் துவாயும் எடுத்துப் போய்க் கொடுத்தார்.

கொழும்புக்காரர் என் பக்கம் திரும்பி, "இவ்வளவுதானா?" என்றார். உண்மை வாய் வரைக்கும் வந்தது. செக்ரட்டரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க சேர்" என்றேன்.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை அண்ணன் அதே ரோலரைத்தான் இழுத்தார்.

போன வருஷம் இதே கிளப்காரர்கள் "டென்னிஸ் வளர்ச்சி" என்று பேனர் கட்டிக்கொண்டு தோட்டப் பாடசாலைக்கு வந்தார்கள். பிள்ளைகள் கையில் ராக்கெட்டைக் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். எடுத்து முடிந்ததும் ராக்கெட்டை எல்லாம் திரும்ப வாங்கி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு பந்து கூட விட்டுவைக்கவில்லை, அற்பங்கள்.

அண்ணனை நடுவில் நிறுத்தி அன்றைக்கு எடுத்த போட்டோதான் இன்று அஞ்சலிக்குப் போட்டிருப்பது. பின்னால் ஸ்பான்சர் பெயர் பாதி தெரிகிறது. அதை வெட்டிப் போடக்கூட நேரமில்லை போல.

அன்று பாடசாலையில் இருந்து இரண்டு பேரும் மெதுவாக நடந்து வந்தோம். திடீரென்று கேட்டார்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன் தம்பி. அப்ப கொழும்புல இருந்து ஒருத்தரு வந்து நாற்காலி போட்டு உக்காந்தாரே... அவரு எதுக்கு வந்தாரு?"

இத்தனை வருஷத்துக்குப் பிறகு செக்ரட்டரியும் இல்லை, வேலையும் இல்லை. சொல்லியிருக்கலாம்.

"கோர்ட்டப் பாக்க வந்தாருண்ணே."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "அப்பிடியா! கோர்ட்டு எப்பிடி இருக்குன்னாரு?"

"நல்லா இருக்குன்னாருண்ணே."

"பின்ன! மொத நாளு அடிச்ச மழைக்கு, அன்னைக்கு அஞ்சு வாட்டி ரோலர் போட்டேன்ல."

வழி முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தார். நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். அந்தக் கிளப் பக்கத்தைப் பார்த்தால் வருகிற அருவருப்பு, கண்ணாடியைப் பார்த்தாலும் வருகிறது.

பொய் சொன்னேன் அண்ணே. அவர் உங்களைப் பார்க்கத்தான் வந்தார்.

போயிட்டு வாங்க.