ஒரு கோடியும் ஒரு யானையும்

என் பெயர் இதுவரை அச்சில் வந்தது இரண்டே முறை. ஒன்று என் கல்யாணப் பத்திரிகை. மற்றது, தில்லியில் இருக்கும் ஒரு நடுவர் ஆங்கிலத்தில் எழுதிய தீர்ப்பு. முதலாவதில் என்னைச் ‘சிரஞ்சீவி’ என்று போட்டிருந்தார்கள். இரண்டாவதில், அடுத்தவருக்குச் சொந்தமான பெயரில் ஓர் இணைய முகவரியைக் கெட்ட எண்ணத்தோடு பிடித்து வைத்துக்கொண்டவன் என்று போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே பீரோவில்தான் இருக்கின்றன. இரண்டாவதில்தான் என்னைப் பற்றி யாரோ கொஞ்சம் விசாரித்து எழுதியிருக்கிறார்கள் என்பது என் மனைவியின் அபிப்பிராயம்.

அந்த ‘அடுத்தவர்’ என் அண்ணன். அந்தப் பெயர் எங்கள் அம்மாவுடையது.

ஸ்ரீரங்கத்தில் அப்பா வைத்த கடைக்கு அம்மாவின் பெயர். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வத்தல், வடாம். வீட்டில் அம்மாவை அப்பா ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘இந்தா’தான். போர்டில் மட்டும் தெருக்கோடிக்குத் தெரிகிற மாதிரி எழுதி வைத்துவிட்டார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தார். என்னைப் பொட்டலம் போடச் சொன்னார்கள். வந்தவர்களிடம் நான் பேச்சுக் கொடுத்ததில் அரைக் கிலோ கேட்டவருக்கு முக்கால் கிலோ போய்விடும். ஒரு வாரத்தில் அப்பா என்னைத் தராசிலிருந்து இறக்கிவிட்டார்.

அந்தக் கடைக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் வெப்சைட். ஊரெல்லாம் பிரவுசிங் சென்டர் இருந்த காலம். அம்மா பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து, ‘இன்’ போட்டு, என் பெயரில், என் ஈமெயிலில் பதிவு செய்தேன். அண்ணன் அதைத் திரையில் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எதுக்குடா இது? ஸ்ரீரங்கத்துல இருக்கறவன் நடந்து வந்துருவான். அமெரிக்காவுல இருக்கறவன் வருவானா?”

அப்பா போன பிறகு பாகம் பிரித்தோம். துறையூரிலிருந்து தாய்மாமா வந்து ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதினார். கடையும் மாடியும் அண்ணனுக்கு, காட்டூர் வீடு எனக்கு. கிரைண்டர், உருளி, இரண்டு தராசு, ஓட்டை விழுந்த அண்டா வரைக்கும் பட்டியலில் ஏறியது. வெப்சைட் ஏறவில்லை. கையால் தூக்கிப் பார்க்க முடியாத எதையும் மாமா சொத்தாக மதிக்கிறவர் இல்லை. எனக்கும் அப்போது அது ஞாபகம் வரவில்லை. அண்டாவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

காட்டூர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்தேன். ஜாதிச் சான்றிதழ், பான் கார்டு, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பேன். கவுன்ட்டருக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு அறிவிப்பு: ‘படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடவும்.’ இந்த அறிவிப்பு பின்னால் வரப்போகிறது, கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் வீட்டு மாடிப்படி ஏற முடியாமல் கடைசி இரண்டு வருஷம் அம்மா என்னோடு இருந்தார். பொழுது போகாமல், அவர் புளிக்காய்ச்சல் செய்முறை சொல்வதை போனில் பதிவு செய்து, சும்மா கிடந்த அந்த வெப்சைட்டில் போட ஆரம்பித்தேன். “மொதல்ல கையக் கழுவுடா” என்றுதான் ஒவ்வொரு பதிவும் தொடங்கும். எங்கெங்கோ இருந்து பெண்கள் அதைக் கேட்டுச் சமைத்துவிட்டு, உப்பு கூடிவிட்டது, என்ன செய்வது என்று எழுதுவார்கள். நான் படித்துக் காட்டுவேன். “நான் உப்பே சொல்லலியே, அவளா போட்டதுக்கு நான் என்ன பண்ணுவேன்” என்பார் அம்மா. அதையும் பதிவு செய்து போடுவேன்.

ஒரு பதிவில் அம்மா போகிற போக்கில் சொன்னார்: “கடையில இப்பல்லாம் பெரியவன் நல்லெண்ணெயில கை வெக்கிறான். நாக்குல வெச்சாலே தெரியுது.”

அதை வெட்டியிருக்க வேண்டும். வெட்டத் தெரியாதவன் இல்லை நான். ஆனால் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது. அண்டா ஞாபகமும் கொஞ்சம் வந்தது. விட்டுவிட்டேன்.

அம்மா போய் முதல் வருஷத் திதியைக் காவிரிக் கரையில், அம்மா மண்டபம் படித்துறையில் கொடுத்தோம். அண்ணன் கொடுக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தொட்டுக்கொண்டிருந்தேன். முடிந்து, தர்ப்பையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியேறும்போது அண்ணன் பையிலிருந்து சில தாள்களை எடுத்தார்.

“இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, கடைசிப் பக்கத்துல ஒண்ணு போடுடா.”

“என்னண்ணே இது?”

“கடை பேப்பர்.”

எங்கள் வீட்டில் மூத்தவர் நீட்டிய தாளைப் படித்துப் பார்ப்பது என்றால் அவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். அவர் தன் அண்ணன் நீட்டியதையெல்லாம் படிக்காமல் போட்டுத்தான் துறையூர்ப் பக்கம் இருந்த நிலத்தை இழந்தார். அதைப் பெருமையாகவே சொல்வார். கவுன்ட்டருக்கு மேலே அந்தச் சிவப்பு அறிவிப்பை மாட்டிய நானும் ஈரக் கையோடு மூன்று இடத்திலும் போட்டேன்.

“கிட்னிய எழுதி வாங்கிராதீங்கண்ணே.”

“உன் கிட்னி யாருக்குடா வேணும்” என்று அண்ணன் சிரித்தார். இரண்டு பேரும் டீ குடித்தோம். அவருடைய கப்பில் சர்க்கரை இல்லை என்று என்னுடையதை வாங்கிக்கொண்டார். நாங்கள் சேர்ந்து குடித்த கடைசி டீ அதுதான்.

இதற்குள் அண்ணன் வீட்டுக்கு மருமகள் வந்திருந்தாள். எம்.பி.ஏ. படித்தவள், கெட்டிக்காரி. புளிக்காய்ச்சலைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து ஆன்லைனில் விற்க ஆரம்பித்தாள். கடைப் பெயரைத் தேடுகிறவர்களுக்கு முதலில் வந்தது என் பக்கம். அங்கே வாங்குவதற்குப் பட்டன் இல்லை. கடை எண்ணெயைப் பற்றி அம்மா சொன்னது இருந்தது.

ஒரு நாள் காலையில் அண்ணன் போன் செய்தார்.

“அந்த வெப்சைட்டக் குடுத்துருடா.”

“அதுல அம்மா குரல் இருக்குண்ணே.”

“குரல நீ வெச்சுக்க. பேர எனக்குக் குடு.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை. மறுநாள் அவரே வாட்ஸப்பில், ‘என்ன வேணும் சொல்லு’ என்று கேட்டிருந்தார். கடையில் கூட்டம். ஒரு கையால் ஆதார் கார்டை ஜெராக்ஸில் கவிழ்த்துக்கொண்டே மறுகையால் பதில் போட்டேன்: ‘ஒரு கோடி ரூபாயும் ஒரு யானையும்.’ பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று. அண்ணன் பதில் போடவில்லை. ரசித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து என் கடை ஈமெயிலுக்குத் தலையணைக் கனத்துக்கு ஒரு கோப்பு வந்தது. நாள் முழுக்க யாராவது பிரின்ட் எடுக்க அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அந்த மாதிரி என்று நினைத்து, முன்னும் பின்னுமாக இரண்டு காப்பி எடுத்து, ஸ்பைரலும் போட்டு, வாங்க யார் வருவார்கள் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். யாரும் வராததால் பெயர் இருக்கிறதா என்று முதல் பக்கத்தைத் திறந்தேன். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

அண்ணன் தில்லி நடுவருக்கு அனுப்பியிருந்த புகார் மூன்றே விஷயம் சொன்னது. இணைய முகவரியில் உள்ள பெயரும் அண்ணன் பதிவு செய்த ட்ரேட்மார்க்கும் ஒன்று. அந்தப் பெயரில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. நான் அதைக் கெட்ட எண்ணத்தோடு வைத்திருக்கிறேன்.

உரிமை இல்லை என்பதற்குச் சாட்சியாக, அம்மா பெயரை அண்ணன் மட்டும் ட்ரேட்மார்க்காகப் பதிந்துகொள்ள வாரிசு என்ற முறையில் நான் கொடுத்த சம்மதக் கடிதம். மூன்று கையெழுத்து. மூன்றாவதில் காவிரித் தண்ணீர் பட்டு மை கொஞ்சம் கலைந்திருந்தது. கெட்ட எண்ணத்துக்குச் சாட்சியாக, அம்மாவின் எண்ணெய்ப் பேச்சு. அதை ஆங்கிலத்தில், மூத்த மகன் எண்ணெய்க்குள் கையை வைத்திருக்கிறார் என்று மொழிபெயர்த்திருந்தார்கள். அதற்கு அடுத்த பக்கத்தில் யானை.

காட்டூரிலேயே ஒரு வக்கீல் இருக்கிறார். என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுப்பார். ஸ்பைரல் போட்ட காப்பி ஒன்றைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்தார்.

“எல்லாம் சரி சார். யானைய ஏன் சார் கேட்டீங்க?”

“ஜோக் சார்.”

“நீங்க ரிஜிஸ்டர் பண்ண செலவுக்கு மேல ஒரு ரூபா கேட்டாலே கெட்ட எண்ணம்னு எடுத்துப்பாங்க. நீங்க கோடி கேட்டிருக்கீங்க.”

“யானையும் சேத்துக் கேட்டிருக்கேனே. அத வெச்சே ஜோக்குன்னு தெரியாதா?”

“வாதாடலாம். நடுவர் சிரிப்பாரான்னு சொல்ல முடியாது.”

அன்று மத்தியானம் அண்ணனுக்கு போன் செய்தேன்.

“அண்ணே, அம்மா பேர நான் கெட்ட எண்ணத்தோடயா எடுத்தேன்?”

“அது வக்கீல் பாஷைடா. எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவாங்களாம்.”

“கீழ நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.”

“மருமக நீட்டினா, போட்டேன். வீட்டுப் பொண்ணு குடுக்கற பேப்பரப் படிச்சுப் பாக்கச் சொல்றியா?”

அவரும் அதே வீட்டுப் பிள்ளைதான். வாபஸ் வாங்கச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் குரல் மாறிவிட்டது.

“சரி, ஒண்ணு கேக்கறேன். அம்மா என்னப் பத்திச் சொன்னத ஊரே கேக்கற மாதிரி போட்டியே, ரெண்டு வருஷம் வெச்சிருந்தியே. அது எந்த எண்ணம்டா?”

நான் அப்போதும் ஒரு ஜோக்கைத்தான் தேடினேன். கிடைக்கவில்லை. போனை வைத்துவிட்டார்.

பதில் மனுவை நானே எழுதினேன். எத்தனை பேருக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன், எனக்கு எழுதிக்கொள்ள மாட்டேனா. அந்தப் பெயரில் எனக்கு உரிமை உண்டு என்பதற்கு என் பிறப்புச் சான்றிதழை இணைத்தேன். தாயார் பெயர் என்ற கட்டத்தை மஞ்சள் கோடு போட்டுக் காட்டினேன். ரேஷன் கார்டு, மருத்துவச் சீட்டு எல்லாம் வைத்தேன். யானைக்குத் தனியாக ஒரு பத்தி: ஸ்ரீரங்கத்துக்காரர்கள் யானையைப் பார்த்தே வளர்ந்தவர்கள், அண்ணன் தம்பிக்குள் இது சகஜமான பேச்சு, காட்டூரில் என் வீட்டு வாசலில் ஸ்கூட்டரையே குறுக்கேதான் நிறுத்த முடியும் என்று.

தீர்ப்பு வந்தது. பிறப்புச் சான்றிதழ், அந்த அம்மாள் எதிர்மனுதாரரின் தாயார் என்பதை நிரூபிக்கிறது. அந்தப் பெயரில் அவருக்கு உரிமை இருப்பதை நிரூபிக்கவில்லை. இருந்த உரிமையையும் அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். மிகச் சரி. வேடிக்கைக்காகக் கேட்டதாக எதிர்மனுதாரர் சொல்கிறார். ஆனால் ஆவணத்தில் வேடிக்கை எதுவும் காணப்படவில்லை. அதுவும் சரிதான். அவர்கள் எடுத்த பிரின்டில் அந்த மஞ்சள் முகம் வெறும் கட்டமாக விழுந்திருந்தது. நானாக இருந்தால் கலரில் எடுத்திருப்பேன்.

முகவரி அண்ணனுக்குப் போனது. இப்போது அதைத் திறந்தால் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. மேலே ஒரு படம்: உருண்டை முகம், பெரிய பொட்டு, பல் தெரியச் சிரிப்பு. அம்மாவாம். அம்மா பல் தெரியச் சிரித்தது அவருடைய பிள்ளைகளுக்கே தெரியாது. அந்தப் பெயரின் வலது ஓரத்தில், பதிவு பெற்றது என்பதற்கு அடையாளமாகச் சின்ன வட்டம் ஒன்று. குரல் என்னிடம்தான் இருக்கிறது. வேறு ஒரு நீளமான முகவரியில் போட்டு வைத்தேன். யாரும் வருவதில்லை. நானே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். எண்ணெய் பற்றிச் சொன்ன இடத்தை இப்போது வெட்டிவிட்டேன். அது இருந்த இடத்தில் அம்மா மூச்சு வாங்குவது மட்டும் கேட்கிறது.

இந்த வருஷத் திதிக்கு அம்மா மண்டபத்துக்குப் போனேன். எனக்கு நாலு படி கீழே அண்ணன் வேறொரு சாஸ்திரிகளோடு உட்கார்ந்திருந்தார். முதுகு தெரிந்தது. வலது கையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நீட்டியே வைத்திருந்தார், யாரோ தொட்டுக்கொள்வதற்கு இடம் விட்ட மாதிரி. பழக்கமாக இருக்கும்.

எனக்கு வாய்த்த சாஸ்திரிகள் அவசரத்தில் இருந்தார்.

“அம்மா பேர் சொல்லுங்கோ.”

சொன்னேன்.

எள்ளை எடுத்த கை நின்றது. “அட, புளிக்காய்ச்சல் கடைப் பேரு!” என்றார். “எங்காத்துல அவா பாட்டில்தான் வாங்கறோம். அவா உங்களுக்குச் சொந்தமோ?”

கீழே அண்ணனின் முதுகு அசையாமல் இருந்தது. அவருக்குக் கேட்டிருக்கும்.

“இல்லீங்க” என்றேன்.

“பேர் ஒத்துப்போறது, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு, அவர் என் உள்ளங்கையில் எள்ளைப் போட்டுத் தண்ணீர் விட்டார்.