கிழக்குக் கரையில் ஓர் அஸ்தமனம்

நானும் ஷீபாவும் ஒருவரையொருவர் நேசிக்கும் இரண்டு பெண்கள். தாய்லாந்துத் தீவு ஒன்றின் கடற்கரையில், நாலைந்து தோழிகள் முன்னால் மோதிரம் மாற்றிக்கொள்வது என்று முடிவானதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சூரியன் கடலைத் தொடும் நொடியில் மாற்ற வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதற்குத் தோதாகச் செம்மஞ்சளில் பட்டுப்புடவைகூட எடுத்துவிட்டோம்.

குமரி மாவட்டத்து இரணியலில், வீட்டில் அம்மாவும் நானும்தான். ஷீபாவைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து அம்மா அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அதனால் ஏற்பாடுகளையெல்லாம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் கிசுகிசுப்பேன்.

போன வாரம் அப்படிப் பேசிவிட்டு வெளியே வந்தேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே கேட்டார்: "ஏட்டி, அந்தக் கரைக்குக் கடலு எந்தப் பக்கமாக்கும்?"

போனில் மேப்பைப் பார்த்தேன். "கிழக்கும்மா."

"பின்ன சூரியன் அதுல எப்பிடிட்டி தாழும்?"

மேப்பை மறுபடி பார்த்தேன். மேற்கே இருக்கும் எங்கள் ஊர்க் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்த்தே வளர்ந்த நாங்கள், எல்லாக் கடலிலும் இறங்கும் என்று நினைத்துவிட்டோம்!

"வெளுப்பாங்காலம் வச்சுக்கோ மக்கா. அங்க கடல்லதானே உதிக்கும்," என்றவர், கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "பாஸ்போர்ட் எடுக்க எனக்கு எத்தன நாளு ஆவும்?"

விழா விடியற்காலைக்கு மாறிவிட்டது. இப்போதெல்லாம் எந்த இடம் பிடித்தாலும் முதலில் திசை பார்க்கிறேன். ஷீபாவிடம் பேசும்போது கதவைச் சாத்துவதில்லை. கூடத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறேன். புடவையை மாற்றலாமா என்று நேற்று அவள் கேட்டபோது, அடுக்களையிலிருந்து அம்மாதான் பதில் சொன்னார்:

"மாத்தாண்டாம். உதிக்கும்போதும் அதே நிறந்தாம்ட்டி."