கல் இல்லாத நிலம்

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். இந்தப் பருவத்துப் பாடத்தில் ஓர் அமெரிக்க நாடகம் இருக்கிறது. ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்கும் ஒரு அப்பா, தன்னைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் இல்லாததை இருப்பதாகப் பேசிப் பேசி, கடைசியில் அதிலேயே அழிந்துபோகிறார். மாயை, நிஜம் என்று கரும்பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், அவரு மனைவிக்கு எல்லாம் தெரியுதுல்ல? அவங்க ஏன் சொல்லல?"

பாசம்தான் என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத்தான் அதற்குப் பிறகு பாடம் ஓடவில்லை.

என் பெற்றோர் இருப்பது கீழப்பழுவூர் பக்கம். சுற்றுவட்டாரத்தில் சிமெண்டு ஆலைகள் சுண்ணாம்புக்கல்லுக்காக நிலம் வாங்கியதிலிருந்து, எங்கள் நிலத்தையும் எடுப்பார்கள், தம்பிக்கு வேலை கொடுப்பார்கள் என்று அப்பா காத்திருந்தார். எப்படியும் தோண்டப்போகிற மண் என்று விதைப்பதையே நிறுத்தினார். சீமைக்கருவேலம் மண்டியது. தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

போன வருடம் ஆலைக்காரர்கள் வந்து துளை போட்டுப் பார்த்தார்கள். அப்பா அன்று ஊரில் இல்லை. கல் இல்லை, ஆலை இந்த நிலத்தை எடுக்காது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா அதை என்னிடம் மட்டும் சொன்னாள். அப்பாவிடம், "பாத்துட்டு சொல்றோம்னாங்க" என்றாள்.

வகுப்பில் அந்தக் கேள்வி வந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அப்பா உற்சாகமாக இருந்தார்.

"உன் தம்பிய வேலைய விட்டுட்டு வரச்சொல்லிட்டேன். தை பொறந்தா சிமெண்டு கம்பெனிக்காரங்க வந்துடுவாங்க. ஆளு இங்க இருக்கணும்ல."

என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, அவங்க வரமாட்டாங்க. நம்ம நெலத்துல கல்லு இல்ல. போன வருசமே அம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிட்டாங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை நிமிர்த்தவில்லை.

"ஓரத்துல போட்டுப் பாத்திருப்பானுவ" என்றார் அப்பா. "நடுவுல போட்டாத்தானே தெரியும்." துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

"நீ பஸ் ஏறிப் போயிடுவ" என்றாள் அம்மா. "இந்த மனுசனோட வூட்ல இருக்கப்போறது நான்."

"அதுக்காகத் தம்பி பொழப்பு போகணுமாம்மா?"

அம்மா கீரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தம்பிக்குப் போன் போட்டேன். அவன் சிரித்தான்.

"அப்பா சொல்லி நான் எப்பக்கா வேலைய விட்டேன்? சரிப்பான்னு சொன்னேன், அவ்வளவுதான்."

அவனும் இத்தனை நாளாக நம்பவில்லை. நான் ஒருத்தி மட்டும்தான் வாயைத் திறந்திருக்கிறேன். செய்தது சரிதானா என்று வகுப்பிலும் பஸ்ஸிலும் அதே நினைப்பு. அம்மா சில வாரம் என் போனை எடுக்கவில்லை.

புரட்டாசியில் நல்ல மழை. அப்பா யாரிடமும் சொல்லாமல் பாதி நிலத்தில் முள்ளை அழித்து மக்காச்சோளம் போட்டிருந்தார். நான் பார்க்கப் போனபோது முளைத்திருந்தது. பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"சும்மா கெடக்குதேன்னு போட்டேங்க. கம்பெனி வர்ற வரைக்கும்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் பயிரைப் பார்த்தேன். மீதிப் பாதியை எப்போது உழப்போகிறீர்கள் என்று கேட்க ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டுதான் ஊருக்குப் போகிறேன். இதுவரை கேட்கவில்லை.