கொல்லு என்று சொன்ன மெசின்

மீசாலையில் குணலட்சுமியின் முற்றத்தில் ஒரு காய்ந்த சருகைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசே கொடுக்கலாம். விடிந்ததும் விளக்குமாறோடு இறங்கினால், கேற்றடி முதல் பின்வேலிவரை ஈர்க்குக் கோடு விழாத இடம் இருக்காது. சுத்தக்காரி என்று ஊர் சொல்லும். உண்மையில் அது சுத்தமில்லை, சந்தேகம்.

சண்டையால் இடம்பெயர்ந்து திரும்பி வந்த வருஷம், அவளுடைய அண்ணன் கேதீஸ்வரன் அந்தப் பின்வேலியடியில் விழுந்து கிடந்த ஒரு பனங்காவோலையை இழுக்கப் போனார். கீழே கிடந்த மிதிவெடி வலதுகாலைக் கொண்டுபோய்விட்டது. பிறகு வெடி எடுக்கிறவர்கள் வந்து காணி முழுக்கத் தடவிப் பார்த்து, இனிப் பயமில்லை என்று கடதாசி கொடுத்தார்கள். கடதாசியை அவள் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள். ஆனால் நம்பவில்லை. சருகு கிடந்தால்தானே அதற்குக் கீழே ஏதும் கிடக்கும்?

அப்படிப்பட்டவளுக்குத்தான், சுவிசிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சாள் மகாதேவி, வீடு கூட்டும் மெசின் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். கறுப்பு, வட்டம், தட்டை. நடுவில் ஒரு பொத்தான்.

"தானாக் கூட்டும் மச்சாள். நீங்கள் சும்மா இருக்கலாம்."

"ஏன், என்ரை கைக்கு என்ன வாதமே?"

மகாதேவி போன அன்றே மெசின் ஓடிப்போய்ச் சுவரில் முட்டியது. "கொலிசியோன்" என்றது.

"பிள்ளை, உது என்ன சொல்லுது? கொல்லு எண்டெல்லே சொல்லுது?"

ஏ.எல். படிக்கும் மகள் சாருஜா விழுந்து விழுந்து சிரித்தாள். "அது டொச்சம்மா, ஜேர்மன் பாசை. இடிபட்டிட்டுதாம்."

"நீ போனிலை பாக்கிற யப்பான் கார்ட்டூனிலையும் ஒரு மெசின் தப்பியோடி ஆக்களைக் கொல்லுதெண்டு சொன்னாய். அதை என்ன வேலைக்குச் செய்தவங்கள்?"

சாருஜாவின் சிரிப்புக் குறைந்தது. "வீட்டு வேலைக்கு."

"பாத்தியே!"

குணலட்சுமி மூன்று நாள் மெசினுக்குக் காவல் இருந்தாள். அது கட்டிலுக்குக் கீழே போனால் இவளும் குனிந்து பார்த்தாள். திரும்பினால் இவளும் திரும்பினாள். விளக்குமாறு மூலையில் கிடந்தது. பின்வேலியடியில் மூன்று நாள் சருகு சேர்ந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால் மெசினைக் காணவில்லை. வாசற்கதவு திறந்து கிடந்தது. புருஷன் கதிரவேலு மோட்டார்சைக்கிள் ஏற்றுவதற்காகப் படியில் போட்ட பலகை அப்படியே இருந்தது.

"சாருஜா! தப்பியிட்டுது!"

"கார்ட்டூனிலையும் இப்பிடித்தான் அம்மா, முதல்..."

"வாயைப் பொத்திக்கொண்டு தேடு!"

அவள் ஆட்டுக்கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். மகள் பின்வேலிப் பக்கம் போனாள். குணலட்சுமி நிமிர்ந்தபோது, மகளின் காலுக்கு ஒரு எட்டுத் தள்ளி, காவோலைக்குக் கீழே அது தெரிந்தது. மண் பூசிய கறுப்பு விளிம்பு. நடுவில் பொத்தான்.

மெசினைத் தேடித்தான் வந்தவள். ஆனால் அந்த இடத்தில், அந்தச் சருகுக்குள், அவளுடைய கண் கண்டது மிதிவெடியை.

"அங்கையே நில்லு! ஒரு அடி வைச்சாயோ, காலை முறிச்சுப்போடுவன்!"

சாருஜா தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றாள். "அம்மா, அது..."

"அசையாதை எண்டனான்! வந்த அடியிலை காலை வைச்சுப் பின்னாலை வா. மெல்ல."

மகள் ஓரடி பின்வைத்தாள். அதற்குள் கொட்டிலடியிலிருந்த சிவப்புக் கோழி ஓடி வந்து, சருகைக் கிளறிக் கிளறி, காவோலையைத் தள்ளிவிட்டு வட்டத்தின்மேல் ஏறிப் பொத்தானை மிதித்தது. குணலட்சுமிக்கு "சூ" என்றுகூட வாய் வரவில்லை. கண்ணை இறுக்கி மூடினாள்.

உர்ரென்று ஒரு சத்தம். கோழி கத்திக்கொண்டு பறந்தது.

"கொலிசியோன்" என்றது வட்டம்.

குணலட்சுமி அப்படியே மண்ணில் குந்தினாள். சாருஜா ஓடி வந்து பக்கத்தில் இருந்தாள். சிரிக்கவில்லை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமாவின்ரை கால் போன இடமோ அம்மா, இது?"

"ஓம். உந்தக் காவோலையடிதான்."

குணலட்சுமி எழும்பி, விளக்குமாற்றை எடுத்து வந்து, பின்வேலிவரை கூட்டி முடித்தாள். பிறகு ஆட்டுக் கயிற்றை எடுத்து மெசினைச் சுற்றி இறுக்கி, மறுமுனையை அலுமாரிக் காலில் கட்டினாள்.

பின்னேரம் மகாதேவி போனில் கேட்டாள். "மெசின் எப்பிடி மச்சாள்? சொல்லுக் கேக்குதோ?"

"கேக்குது, கேக்குது. கட்டித்தான் வைச்சிருக்கிறன். வீட்டை அது கூட்டட்டும், கயிறு போற மட்டும். முற்றம் என்ரை."